ஜோதி சிஸ்டருக்கு ஒரு நாள் லீவு

முதியோர் இல்லத்துக்கு நர்ஸ் எடுப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. விளம்பரம் கொடுத்தால் வருவார்கள். சாப்பாடு உண்டு, தங்குமிடம் உண்டு, ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும் என்று சேர்த்துச் சொன்னால் இன்னும் இரண்டு பேர் வருவார்கள். வந்தவர்களை நிறுத்தி வைப்பதில்தான் தாவு தீர்ந்துவிடும். டீ இடைவேளையில் ஒருத்தி காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு வாய்க்குள் எதையோ முணுமுணுக்க ஆரம்பித்தால், வெளிநாட்டு வேலைக்காக ஜெர்மன் வகுப்பில் சேர்ந்துவிட்டாள் என்று அர்த்தம். அப்புறம் அவள் நம் ஆள் இல்லை.

கோயம்புத்தூர் சிறுவாணி சாலையில் இருக்கும் ‘இளவெயில்’ பராமரிப்பு இல்லத்தில் நான் நர்சிங் சூப்பரின்டெண்டென்ட். பெயர் ஜெயசீலி. இப்படி வழியனுப்பியவர்களைக் கணக்கெடுப்பதை எப்போதோ விட்டுவிட்டேன். ஆனால் அனிமா தோப்போ ராஜினாமா செய்ய வந்தபோது எனக்கு ஆத்திரமே வந்தது. ஜார்க்கண்ட் பெண். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. காதில் இயர்போனும் கிடையாது, ஜெர்மனும் கிடையாது.

"எங்கே போறே?"

"எங்கேயும் இல்லை மேடம். ஊருக்கு."

"வேற வேலை கிடைச்சிருக்கா?"

"இல்லை."

"அப்புறம் என்னம்மா கேடு உனக்கு?"

அவள் காலரில் குத்தியிருந்த சின்னப் பொத்தானைத் தொட்டுக் காட்டினாள். "மேடம், ஏழு மாசம் நான் நஞ்சப்பன் அப்பாவைக் குளிக்க வைக்கிறேன். தினமும் அவர் சொல்றார், ஜோதி நல்லாயிருன்னு. அனிமா நல்லாயிருன்னு யார் சொல்வாங்க?"

யோசிக்க ஒரு வாரம் அவகாசம் கொடு என்று கேட்டு அனுப்பி வைத்தேன்.

அந்தப் பொத்தானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இங்கே இருக்கும் பெரியவர்கள் எல்லோருக்கும் இல்லமே காதுக்கருவி கொடுத்திருக்கிறது. பொத்தானைக் குத்திய நர்ஸ் எந்தப் பாஷையில், எந்தக் குரலில் பேசினாலும் அவர்கள் காதில் ஒரே குரல்தான் தமிழில் விழும். அது நாகஜோதியின் குரல். சாத்தூர்ப் பெண். மூன்று வருடங்களுக்கு முன் எங்களை விட்டு ஜெர்மனிக்குப் போனவள். ஆளைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. எல்லா நர்சுகளும் தொப்பியும் முகக்கவசமும் போட்டிருப்பார்கள், பெரியவர்களில் பாதிப் பேருக்குக் கண் புகைமூட்டம். போதாததற்கு, அந்தப் பெரியவரைப் பற்றிய எல்லாச் சங்கதியையும் பொத்தான் நர்சின் காதில் ஓதிக்கொண்டே இருக்கும். நேற்று வந்து சேர்ந்தவள்கூட, "என்னய்யா, பேத்திக்குப் பரீட்சை முடிஞ்சுதா?" என்று கேட்பாள். டூட்டிக்கு வரும் பெண்கள் கண்ணாடி முன்னால் நின்று, "ஜோதியை மாட்டியாச்சு" என்று சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். சிரிப்பெல்லாம் முதல் மாதத்தோடு சரி.

அன்று மதியமே டைரக்டர் நிரஞ்சன் என்னைக் கூப்பிட்டார். இல்லத்தைக் கட்டியவரின் மகன். கெட்ட பையன் இல்லை. எதையும் திரையில் பார்த்தால்தான் நம்புவார், அவ்வளவுதான்.

"பாருங்க மேடம், கிழக்கு வார்டுல ராத்திரி நர்ஸைக் கூப்பிட்டு மணி அடிக்கிறது பாதிக்கும் கீழே போயிடுச்சு. எவ்வளவு நிம்மதியா தூங்கறாங்க! அதனால அடுத்த மாசத்துலேருந்து நைட் ஷிப்டுக்கு நாலு பேர் வேண்டாம். ரெண்டு போதும்."

"மணி அடிக்கலைன்னா ஒண்ணும் வேண்டாம்னு அர்த்தமில்லை சார். நாப்பது பேர் படுத்திருக்காங்க. ரெண்டு பேர் ஒருத்தரைத் தூக்கி உக்கார வைக்கிறதுக்குள்ள இன்னொருத்தர் போயிடுவார்."

"இருக்கிற நாலு இடத்துக்கே உங்களால ஆளை நிறுத்த முடியலையே மேடம்?" அவர் குரலில் கேலி இல்லை. "நாகஜோதி வேலையை விட்டு நின்னப்போ நீங்கதானே வந்து அழுதீங்க? ஒரு பெரியவர் சோறு தண்ணி இல்லாம அவ பேரையே சொல்லிச் சொல்லிச் செத்துப் போனார்னு. அதனாலதான் இதைக் கொண்டு வந்தோம். ஆள் மாறலாம், குரல் மாறக்கூடாதுன்னு."

அதுவும் உண்மைதான். இத்தனை வருடம் இங்கேயே இருப்பேன் என்று நாகஜோதி எழுதிக் கொடுத்த பாண்டு அப்போது முடியவில்லை. அவளுடைய ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் ஆபீஸ் பீரோவில் இருந்தன. ஜெர்மனிக்குப் போக அவற்றைக் கேட்டு அவள் திரும்பி வந்தபோது, கொடுத்துவிட்டுக் குரலை வாங்கிக்கொண்டார்கள். அவளும் சிரித்துக்கொண்டேதான் மைக் முன்னால் உட்கார்ந்தாள். பெரியவர்களிடம் இதைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று எங்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள்.

மறுநாள் காலை ரவுண்ட்ஸுக்குப் போனபோது நஞ்சப்பன் பாத்ரூம் வாசலில் விழுந்து கிடந்தார். மில்லில் ஃபிட்டராக இருந்தவர், தொழிற்சங்கச் செயலாளர். இரண்டு வருடங்களுக்கு முன் இங்கே வந்தார். கண் அநேகமாகப் போய்விட்டது. மூளை மட்டும் கத்தி. மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. இடுப்பு தப்பியது கடவுள் புண்ணியம். மாவுக்கட்டு போட்டு முடித்து, கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"தலைமாட்டுல மணி இருக்கே பெரியவரே. அமுக்கினா ஆகாதா?"

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க மேடம்" என்றார். "அந்த ஜோதிப் புள்ளைக்கு லீவே கெடையாதுங்களா?"

எனக்குச் சுருக்கென்றது.

"காத்தால ஊசி போடறதும் அந்தப் புள்ளதான். மத்தியானம் சோறு குடுக்கறதும் அதுதான். ராத்திரி மணியடிச்சா ஓடியாறதும் அதேதான். அதென்ன மனுசின்னு நெனச்சீங்களா, மெசினுன்னு நெனச்சீங்களா? எனக்குக் கண்ணு தெரியாட்டிப் போகுது, கைய வெச்சே சொல்லிப்போடுவனுங்க. ஒரு நேரம் அது கை ஐஸாட்டம் இருக்குது, ஒரு நேரம் கொதிக்குது. ஒரு நேரம் மெத்துன்னு, ஒரு நேரம் சொரசொரன்னு. தூக்கங்கெட்ட ஒடம்பு ஒரு நெலையில நிக்காதுங்க. மில்லுல ரெண்டு ஷிப்டு சேத்துப் பாத்தவனயெல்லாம் நான் பாத்திருக்கறனே. அப்பிடியே பாத்துட்டு இருப்பான், ஒரு நாளைக்குக் கை பெல்ட்டுக்குள்ள போயிரும்."

"அதனால நீங்க மணி அடிக்கலையா?"

"நான் மட்டுமில்லீங்க. வார்டே பேசி முடிவு பண்ணியாச்சு. உசுரு போற அவசரமில்லாம ராத்திரியில ஆரும் மணிய அமுத்தறதில்லைன்னு. பாவம், நம்ம புண்ணியத்துல கொஞ்ச நேரம் கண்ண மூடட்டும்."

"நினைவு தப்பினவங்களும் இருக்காங்களே? அவங்க எப்படி ஒத்துக்கிட்டாங்க?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "அவிங்களுக்குச் சொன்னாப் புரியாதுங்களே. கைக்கெட்டாத மாதிரி மணிய நகத்தி வெச்சாச்சு. எங்கள்ல எந்திரிச்சு நடமாடறவங்க வெசாலம் டீச்சருதான, அவங்க பாத்துக்கறாங்க."

எழுந்து வார்டைச் சுற்றி வந்தேன். நிஜம்தான். பத்துப் பன்னிரண்டு கட்டில்களில் மணி தலைக்குப் பின்னால் சுவரோரம் கிடந்தது. அதில் ஒரு அம்மாளுக்கு ராத்திரி மூச்சுத் திணறல் வரும். இத்தனை பேர் வலியையும் மூத்திரத்தையும் அடக்கிக்கொண்டு இருட்டில் விழித்துக் கிடந்திருக்கிறார்கள், ஊரிலேயே இல்லாத ஒரு பெண் தூங்க வேண்டும் என்பதற்காக. திரையில் அதற்குப் பெயர் நிம்மதி. ஒவ்வொரு மணியையும் எடுத்து அவரவர் கைக்குள் வைத்தேன்.

நிரஞ்சனிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு நிஜமாகவே பதறியது. ஆனால் பதற்றம் இரண்டு நிமிஷம்தான்.

"சரி பண்ணிடலாம் மேடம். இன்னொரு குரல் சேர்த்துடலாம். பகலுக்கு ஜோதி, ராத்திரிக்கு வேற ஒரு சிஸ்டர். சிம்பிள்."

"அப்புறம் அந்த ராத்திரி சிஸ்டருக்கு லீவே இல்லையான்னு கேப்பாங்க."

"வாரத்துல ஒரு நாள் மூணாவது குரல்."

"சார், அதுக்குப் பதிலா இருக்கிற நர்ஸுங்களோட சொந்தக் குரலையே விட்டுட்டா என்ன?"

"அவங்க நிக்கமாட்டாங்களே மேடம்" என்றார். "நின்னா நான் ஏன் இதையெல்லாம் வாங்கப் போறேன்?"

அனிமா சொன்னதைச் சொன்னேன். ஒரு ஆள் சொல்வது டேட்டா ஆகாது என்றார். கையெழுத்துப் போட்டதையும் மறக்க வேண்டாம் என்று மெதுவாக ஞாபகப்படுத்தினார். வெளியே வந்தபோது ஒன்று தீர்மானமாகிவிட்டது. நைட் ஷிப்டில் ஒரு ஆளைக்கூடக் குறைக்க விடப்போவதில்லை. அதற்கு என் வேலை போனாலும் போகட்டும்.

சாயங்காலம் நஞ்சப்பனிடம் போனேன். ஒப்புக்கொண்டதை மீறி ஒரு வார்த்தையும் பேசவில்லை. "நீங்க கேட்டீங்களே பெரியவரே, ஜோதிக்கு லீவு. அதைக் குடுக்கிற அதிகாரம் எனக்கில்லைங்க. நிர்வாகத்துக்குத்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "அப்பிடிங்களா" என்றார். "அப்பறம் நாங்க பாத்துக்கறமுங்க."

மறுநாள் காலைச் சாப்பாட்டை ஒருவரும் தொடவில்லை. விசாலம் டீச்சர் ஒரு எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். தட்டு நிறையக் காதுக்கருவிகள்.

"என்ன டீச்சர் இது?"

"ஸ்டிரைக்" என்று கத்தினார். காது கேட்காததால் அவருக்கு எல்லாமே கத்தல்தான். "ஜோதிக்கு ஒரு நாள் லீவு குடுக்கற வரைக்கும் சாப்பிடறதில்லை. மொதலாளி வந்து தேனொழுகப் பேசுவானாம். காதுல விழுந்தாத்தானே மனசு மாறும், கழட்டிக் குடுத்துருங்கன்னு நஞ்சப்பன் சொல்லிட்டாரு!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நஞ்சப்பன் எதைக் கழற்றி அனுப்பியிருக்கிறார் என்று அவருக்கே தெரியாது.

வார்டுக்கு ஓடினேன். அனிமா இட்லித் தட்டோடு நஞ்சப்பன் கட்டிலருகே நின்றிருந்தாள். சர்க்கரை நோயாளி, மாத்திரை போட்டாகிவிட்டது, சாப்பிடாமல் இருக்கக் கூடாது. அவளுக்கு அந்தக் கவலைதான். குனிந்து அவர் காதருகே வாயை வைத்துச் சத்தமாகச் சொன்னாள்.

"அப்பா, இட்லி சாப்பிடு."

நஞ்சப்பன் தலையைத் திருப்பினார். "ஆரு இது? புதுசா?"

"புதுசு இல்லை அப்பா. நான் அனிமா. ஏழு மாசமா இருக்கேன்."

"ஏழு மாசமாவா? இந்தக் கொரல நான் கேட்டதே இல்லியே." அவர் நல்ல கையை நீட்டினார். "கையக் குடு பாக்கலாம்."

அவள் தட்டை வைத்துவிட்டுக் கையைக் கொடுத்தாள். அவர் உள்ளங்கையைக் கட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"காட்டு வேல செஞ்ச கை. சொரசொரப்புக் கை. தலைக்கு ஊத்தறப்ப தண்ணி போகாம ரெண்டு காதையும் பொத்துவியே, அது நீயா?"

"நான்தான் அப்பா."

"அப்ப ஜோதி?"

அனிமா என்னைப் பார்த்தாள். வாசலில் நிரஞ்சன் வந்து நின்றிருந்தார். "மேடம்" என்றார் எச்சரிக்கையாக. காதுக்கருவி இல்லாத மனிதரிடம் ரகசியம் பேச முடியாது. நான் குனிந்து, வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

"ஜோதி மூணு வருஷத்துக்கு முன்னாடியே வேலையை விட்டுட்டுப் போயிட்டா பெரியவரே. நீங்க வர்றதுக்கும் முந்தி. அவ குரல் மட்டும்தான் இங்க இருந்துச்சு. ஊசி போட்டது ஒருத்தி, சோறு குடுத்தது ஒருத்தி, ராத்திரி ஓடி வந்தது ஒருத்தி. எல்லாரும் வேற வேற பொண்ணுங்க."

நஞ்சப்பன் அனிமாவின் கையை விடவில்லை.

"அப்ப நான் சொன்ன நல்ல வார்த்தையெல்லாம் ஒருத்திக்குமே போய்ச் சேரலியா?" என்றார். என்னிடம் கேட்டாரா, தனக்குத் தானே கேட்டுக்கொண்டாரா, தெரியவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "மொதலாளி வந்தாச்சுங்களா? கோரிக்கை மாறிப்போச்சுன்னு சொல்லுங்க."

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. நிரஞ்சன் பேசப் பேச நான் பெரியவர் காதில் கத்தி மொழிபெயர்த்தேன்.

"உங்க நல்லதுக்குத்தான் செஞ்சோம்னு சொல்றார். ஒவ்வொரு நர்ஸ் போகும்போதும் நீங்க மனசு உடையக் கூடாதாம்."

"பொண்டாட்டியச் சுடுகாட்டுல வெச்சுட்டு வந்தவன் நான். ஒரு நர்சு போறதத் தாங்க மாட்டனா? வருத்தப்படறதுக்குக்கூட எங்களுக்கு உரிமை இல்லீங்களா? வந்தவ ஆருன்னும் தெரியாது, போனவ ஆருன்னும் தெரியாது, இதுக்குப் பேரு நிம்மதியா?" அவர் மாவுக்கட்டுக் கையைத் தூக்கினார். "புள்ளைங்க சொந்தக் கொரல்ல பேசோணும். பேரச் சொல்லோணும். ராத்திரிக்கு நாலு பேரு இருக்கோணும். இது நடக்கற வரைக்கும் அந்தத் தட்டு உங்க மேஜையிலயே இருக்கட்டும்."

மதியச் சாப்பாடும் திரும்பிப் போனது; நஞ்சப்பன் மட்டும் அனிமா கரைத்துக் கொடுத்த சர்க்கரைத் தண்ணீரைக் குடித்தார். வெளிநாட்டில் இருக்கும் எல்லோருடைய பிள்ளைகளுக்கும் விசாலம் டீச்சர் வீடியோ கால் போட்டு, ஒவ்வொருவரிடமும் கத்திக் கத்தி விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்ததும் நிரஞ்சன் இறங்கி வந்தார். ஆனால் முழுதாக இறங்கவில்லை. என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

"மூணு மாசம் பார்க்கலாம் மேடம். அது முடியும்போது நைட் ஷிப்டுல நாலு பேரும் நிரந்தர ஆளா இருக்கணும். ஒரு இடம் காலியா இருந்தாலும் மறுபடி ஜோதிதான், ரெண்டு பேர்தான். நீங்க கையெழுத்தை மீறினதுக்கும் அன்னைக்கே முடிவு பண்ணிக்கலாம்."

"சரி சார்" என்றேன். வேறென்ன சொல்ல?

பொத்தான்களைக் கழற்றிவிட்டுக் காதுக்கருவிகளைத் திருப்பிக் கொடுத்தோம். அனிமா ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். நான் ஒவ்வொரு நர்சுக்கும் நிரந்தரமாகச் சில கட்டில்களைப் பிரித்துக் கொடுத்தேன். இந்தப் பெரியவர் உன்னுடையவர், நீ அவருடையவள். டூட்டி மாறும்போது முகக்கவசத்தை இறக்கி முகத்தைக் காட்டி, பெயரைச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். முதல் மாதம் பெரியவர்கள் பெயர்களைப் போட்டுக் குழப்பித் தள்ளினார்கள். குழப்பினாலும் கேட்டார்கள். ஊர் எது, அப்பா என்ன செய்கிறார், கல்யாணம் எப்போது என்று நோண்டி எடுத்தார்கள். பெண்கள் அலுத்துக்கொண்டார்கள். இயர்போன்கள் மட்டும் குறைந்தன.

இரண்டாவது மாதம் நைட் ஷிப்டிலிருந்து ஒருத்தி ஜப்பானுக்குக் கிளம்பினாள். மறைக்கவில்லை. வார்டிலேயே கேசரி செய்து வழியனுப்பினோம். இரண்டு நாள் எல்லோரும் மூக்கைச் சிந்தினார்கள். மூன்றாம் நாள் உப்புமாவில் உப்பில்லை என்று சண்டை போட்டார்கள். எவரும் சாகவில்லை. ஆனால் ஒரு இடம் காலி. விளம்பரம் கொடுத்தேன்; வந்தவர்கள் பகல் டூட்டிதான் கேட்டார்கள். கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. போனவர்கள் ஒவ்வொருவரையும் போனில் பிடித்துக் கெஞ்சினேன். கடைசியில் வெட்கத்தை விட்டு நாகஜோதியையும் கூப்பிட்டேன்.

"அக்கா!" என்றாள். அந்தக் குரலைச் சொந்த வாயிலிருந்து கேட்டு எத்தனை காலமாயிற்று.

"நல்லா இருக்கியாடி? அங்க பெரியவங்க எல்லாம் பிரியமா இருக்காங்களா?"

"ஹன்னலோரே மேல பிரியமா இருக்காக."

"அது யாரு?"

"இங்க முந்தி இருந்த சிஸ்டராம்க்கா. எனக்கும் காலர்ல ஒரு பொத்தான் குத்தியிருக்காக. நான் என்ன பேசினாலும் அவ குரல்லதான் கேக்குமாம். ராத்திரி பகலா முழிச்சு ஜெர்மன் படிச்சேன்ல? எல்லாம் வீணு. நான் சாத்தூர்த் தமிழ்ல பேசினாலும் இவுகளுக்கு ஜெர்மன்லதான் கேக்கும்." சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "என் குரலை இன்னும் வச்சிருக்கீகளாக்கா?"

"கழட்டியாச்சு. உனக்கு ஒரு நாள் லீவு குடுக்கணும்னு வார்டே சாப்பிடாம ஸ்டிரைக் பண்ணுச்சு. நீ தூங்கவே இல்லைன்னு நெனச்சுட்டாங்க."

முழுக் கதையையும் சொன்னேன். மணியை நகர்த்தி வைத்தது, மணிக்கட்டு உடைந்தது, எவர்சில்வர் தட்டு, எல்லாம்.

"எனக்காகவா சாப்பிடாம இருந்தாக?"

"உனக்காகத்தான். பாதிப் பேர் உன்னைப் பார்த்ததுகூட இல்லை."

வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது காலையில் வார்டு வாசலில் நாகஜோதி ஒரு பெட்டியோடு வந்து நின்றாள். இளைத்திருந்தாள், கண்ணைச் சுற்றிக் கருவளையம். உள்ளே போய் முதல் கட்டில் பக்கம் நின்று, "என்னய்யா, சாப்டீகளா?" என்றாள்.

விசாலம் டீச்சர் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு எழுந்து நின்றார். நஞ்சப்பன் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "ஜோதியா?"

"ஆமாய்யா."

"நெசத்துக்குமே நீதானா?" கையை வாங்கிப் பார்த்தார். "கொரலு பழசு. கை புதுசா இருக்குதே." பிறகு அந்தக் கையை விடாமல் கேட்டார்: "லீவு குடுத்தாங்களா அம்முணி? தூங்குனியா?"

இல்லை என்று தலையை ஆட்டினாள். அது அவருக்குத் தெரியாது என்று உணர்ந்து, "இல்லைய்யா" என்றாள்.

"ஏனுங்க மேடம், கேட்டீங்களா?" என்றார் நஞ்சப்பன், சங்கச் செயலாளர் தோரணையில்.

"கேட்டேனுங்க."

வராந்தாவுக்கு வந்ததும் நாகஜோதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, நைட் டூட்டிதானே காலி? இன்னைக்கே ஏறிக்கிறேன்" என்றாள். நியமன உத்தரவில் கையெழுத்து வாங்கி நிரஞ்சனுக்கு அனுப்பினேன். நாலாவது இடம் நிரம்பிவிட்டது.

"டூட்டி நாளையிலேர்ந்து" என்றேன். "இன்னைக்கு உனக்கு லீவு. போய்த் தூங்கு."

அன்றைய நைட் டூட்டியை நானே பார்த்தேன். மணி விடாமல் அடித்தது. ஒருவருக்குத் தண்ணீர், ஒருவருக்குப் போர்வை, ஒருவருக்குச் சும்மா யாராவது வர வேண்டும். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஓடி, குனிந்து, என் பெயரைச் சொன்னேன்.